சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் நாய்க்குட்டி: மென்மையாகப் பழகக் கற்றுக்கொடுக்க எந்த வழி சரி?

தத்தித் தத்தி நடக்கும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எட்டு வாரக் குட்டி ஒன்று வந்து சேர்ந்தால் அறிவுரைகளுக்குப் பஞ்சமே இருக்காது. கடித்தால் மூக்கில் ஒரு தட்டு தட்டு என்பார் ஒருவர். வலித்தது போலக் கத்திக் காட்டு, தானே விட்டுவிடும் என்பார் இன்னொருவர். கூண்டில் விடு, பயிற்சியாளரிடம் அனுப்பு, பொம்மையைக் கொடு, வளர வளரச் சரியாகிவிடும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் சில உண்மையிலேயே பலன் தருபவை. சில, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் நன்றாக வேலை செய்துவிட்டுக் குழந்தை இருக்கும் வீட்டில் காலை வாரிவிடுபவை. ஒன்று எந்த வீட்டுக்கும் ஆகாதது. எதை எடுப்பது, எதை விடுவது, எதை எதோடு சேர்ப்பது என்று பார்ப்போம்.

முதலில் குட்டியின் பக்க நியாயம். குட்டிக்கு 28 பால்பற்கள். ஊசி முனை போன்ற இந்தப் பற்கள் நான்காவது மாதத்தில் விழத் தொடங்கும். ஏழாவது மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடும். அதுவரை எதையாவது கவ்விக்கொண்டே இருக்கும். ஒரு பொருள் என்ன, எவ்வளவு கெட்டி, எவ்வளவு மெத்து என்பதை எல்லாம் அது வாயால்தான் தெரிந்துகொள்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிரிலிருப்பவருக்கு வலிக்கும் என்ற பாடத்தைக் கூடப்பிறந்த குட்டிகளிடமும் தாயிடமும் விளையாடி விளையாடிக் கற்கிறது. அதனால்தான் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட நாய்களையும் இரண்டு மாதம் தாயோடு இருந்த நாய்களையும் ஒப்பிட்டு 2011இல் இத்தாலியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சீக்கிரம் பிரிக்கப்பட்டவற்றிடம்தான் உணவையும் பொம்மையையும் யாரும் நெருங்கவிடாமல் காவல் காக்கும் குணம் அதிகமாக இருந்தது. குட்டியை இன்னும் வாங்கவில்லை என்றால், உங்கள் முதல் முடிவு இதுதான்: எட்டு வாரம் நிறையாத குட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கி வராதீர்கள்.

இப்போது வீட்டில் அன்றாடம் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். குழந்தை கூடத்தின் குறுக்கே ஓடுகிறது. குட்டி பின்னாலேயே ஓடிக் கால்சட்டையின் விளிம்பைக் கவ்வுகிறது. குழந்தை வீலென்று கத்திக் கைகளைத் தலைக்கு மேலே தூக்குகிறது. தூக்கிய கை குட்டியின் கண்ணுக்கு ஆடிக்கொண்டிருக்கும் பொருள். அது எம்பிக் குதிக்கிறது. குழந்தை தடுமாறி உட்கார்ந்துவிடுகிறது. இப்போது குழந்தையின் முகமும் குட்டியின் வாயும் ஒரே உயரத்தில். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதில் குட்டியிடம் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. ஓட்டம், கத்தல், கையசைவு, கீழே விழுவது என்று ஒவ்வொன்றும் அதற்கு விளையாட வா என்ற அழைப்பாகவே தெரிகிறது. எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் இந்தச் சில நொடிகளில் அது என்ன செய்யும் என்று கேட்டுத்தான் நான் எடைபோடுகிறேன்.

அடியும் அதட்டலும்

மூக்கில் தட்டுவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது, மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடிப்பது, வாயை இறுக்கி மூடுவது. இவற்றுக்கெல்லாம் சொல்லப்படும் காரணம், யார் தலைவன் என்று குட்டிக்குக் காட்ட வேண்டும் என்பது. இந்தத் தலைவன் கதை, கூண்டில் அடைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதப்பட்டது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1999இலேயே எழுதிவிட்டார்.

தத்துவத்தை விடுங்கள், பலனைப் பார்ப்போம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள், நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கொண்டுவந்தவர்களிடம் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் எப்படி எதிர்வினை காட்டியது என்று கேட்டு 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. வாயிலிருந்ததை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியவர்களில் 39 விழுக்காடு. மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 விழுக்காடு. போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளிலிருந்த 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வந்தது. கண்டித்துப் பழக்கப்பட்ட நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. பயிற்சி முடிந்ததும் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் உயர்ந்திருந்தது.

குழந்தை இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய கேடுகள் இரண்டு உண்டு. குழந்தை பக்கத்தில் வரும்போதெல்லாம் குட்டிக்கு அதட்டல் விழுந்தால், அது கற்றுக்கொள்வது கடிக்கக் கூடாது என்பதை அல்ல, இந்தக் குழந்தை வந்தாலே எனக்குக் கேடுகாலம் என்பதைத்தான். அடுத்தது, உறுமலை அடக்குவது. நாய் எடுத்தவுடன் கடிப்பதில்லை. கொட்டாவி விடும், மூக்கை நக்கும், முகத்தைத் திருப்பும், விலகிப் போகும், உடலைக் குறுக்கும், விறைத்து நிற்கும், உறுமும். கடி அதற்கும் பிறகு. பிரித்தானியக் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஏணிப்படிகளாக வரைந்து காட்டியிருக்கிறார். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும். அதன் பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும். போதாக்குறைக்கு, நீங்கள் மூக்கில் தட்டுவதைப் பார்க்கும் மூன்று வயதுக் குழந்தை நாளை தானும் தட்டும். இந்த வழியை முழுமையாக விட்டுவிடுங்கள். இதில் சிறிதளவு, பேரளவு என்ற பேச்சே வேண்டாம்.

வலித்தது போலக் கத்துவது

இன்னொரு குட்டி வீறிட்டால் கடித்த குட்டி நிறுத்துகிறது. நாமும் அதையே செய்வோம் என்பது இதன் தர்க்கம். சாதுவான குட்டிகளிடம், பெரியவர் செய்யும்போது, சில நேரம் பலிக்கிறது. ஆனால் துடுக்கான குட்டிகள் பல, கூச்சலைக் கேட்டதும் இரண்டு மடங்கு உற்சாகமாகிவிடும். மேலே விவரித்த காட்சியில் குழந்தை ஏற்கெனவே வீறிட்டுத்தான் இருக்கிறது. அதனால் குட்டி நின்றதா என்ன? உச்சக் குரலில் வீறிட்டால் குட்டி விட்டுவிடும் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது தீயில் எண்ணெய் வார்ப்பதுதான். பெரியவர்கள் வேண்டுமானால் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு விளையாட்டை நிறுத்தலாம். அங்கேயும் வேலை செய்வது குரலைவிட விளையாட்டு நின்றுபோவதுதான்.

பல்லே படக்கூடாதா, மெல்லப் படலாமா?

பயிற்சியாளர்களிடையே நிஜமான கருத்து வேறுபாடு இருப்பது இந்த இடத்தில்தான். கால்நடை மருத்துவரும் நாய் நடத்தை வல்லுநருமான இயன் டன்பார் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: குட்டி வாய் வைப்பதை உடனே அடியோடு தடுக்காதீர்கள். முதலில் அழுத்தமான கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள்; பிறகு நடுத்தரக் கடிக்கு; கடைசியில் பல் பட்டாலே நிறுத்துங்கள். இப்படிப் படிப்படியாகப் பழகிய நாய், வளர்ந்த பின் ஒருநாள் வாலை மிதிபட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாலும் அழுத்தாமல் விட்டுவிடும் வாயோடு இருக்கும். மறுதரப்பு, முதல் நாளிலிருந்தே மனிதத் தோலில் பல் படக்கூடாது, பட்டால் விளையாட்டு நிற்கும் என்கிறது. விதி எளிது, குழப்பமில்லை.

டன்பாரின் வாதத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நாய் வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூட வாயைப் பயன்படுத்தாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே வாய் மென்மையாக இருப்பது பெரிய காப்பு. ஆனால் அந்த முறை நடக்க, கடியின் அழுத்தத்தை அளந்து, அதே நொடியில் கையை அசைக்காமல் நிறுத்தக்கூடிய ஆள் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையால் அது முடியாது. கையோடு மல்லுக்கட்டும் விளையாட்டைப் பெரியவரிடம் பழகிய குட்டி அதையே குழந்தையின் கையிலும் தேடும்.

ஆகவே என் முடிவு இப்படி. வீட்டில் பொறுமையான பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால், குழந்தை தூங்கும் நேரத்தில், குட்டி நிதானமாக இருக்கும்போது, பெரியவரின் கையில் மட்டும் மெல்ல வாய் வைப்பதை அனுமதித்துப் படிப்படியாகக் குறையுங்கள். நான்கரை மாதத்துக்குள் முற்றிலும் நிறுத்திவிடுங்கள். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பல்லுக்கு இடமே இல்லை. குட்டியையும் குழந்தையையும் ஒருவரே சமாளிக்க வேண்டிய வீடு என்றால் இரண்டாவது முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கொரு விதி குட்டியைக் குழப்பும். குழப்பத்தின் விலையைக் குழந்தைதான் கொடுக்க நேரிடும்.

எழுந்து போய்விடுவது

கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி இருபது, முப்பது நொடி விலகிவிடுவது நல்ல முறை. குட்டிக்குத் துணையும் விளையாட்டும்தான் உயிர். கடித்தால் அது போய்விடும் என்று விரைவில் புரிந்துகொள்ளும். அரை மணி நேரம் தனியே பூட்டி வைப்பதால் கூடுதலாக எதுவும் கற்காது. எதற்காக என்பதே அதற்கு மறந்துவிடும்.

குழந்தை என்று வரும்போது சிக்கல் வேறு. குழந்தையால் விலகிப் போக முடியாது, ஓடினால் துரத்தல். நீங்கள் குழந்தையைத் தூக்கினால் தொங்கும் கால்களை நோக்கிக் குட்டி எம்பும். எனவே இங்கே நகர வேண்டியது குட்டி. வீட்டுக்குள் அதன் கழுத்துப்பட்டையிலோ மார்ப்பட்டையிலோ கைப்பிடி வளையம் இல்லாத, எதிலும் சிக்காத லேசான வார் ஒன்று எப்போதும் தொங்கட்டும். கடி விழுந்ததும் திட்டாமல், இழுக்காமல், வாரைப் பிடித்து அமைதியாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போய்விடலாம். பிடரியைப் பிடித்துத் தூக்கும் தேவையே வராது. ஆளில்லாத நேரத்தில் மட்டும் வாரைக் கழற்றிவிட வேண்டும்.

பொம்மையைக் கொடுத்துத் திருப்புவது

கவ்வும் ஆசைக்கு ஒரு வடிகால் வேண்டும், அது நியாயம். பல் முளைக்கும் மாதங்களில் கடித்து மெல்ல ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். கவனிக்க வேண்டியது நேரம்தான். கடித்த பிறகு பொம்மை நீட்டினால், காலைக் கடித்தால் பொம்மை வரும் என்று சில குட்டிகள் கணக்குப் போட்டுவிடும். குட்டி குழந்தையின் காலைப் பார்த்துத் தாழ்ந்து பதுங்கும் அந்தக் கணத்தில், கடிப்பதற்கு முன்பே பொம்மையை உருட்டிவிடுங்கள். நீளமான கயிற்றின் முனையில் பொம்மையைக் கட்டித் தரையில் இழுத்து விளையாடுவது ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஏற்றது. கைக்கும் பல்லுக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கும். அதற்குக் கீழுள்ள குழந்தையின் கையில் பொம்மையைக் கொடுத்து நீயே கொடு என்று சொல்லாதீர்கள்.

தடுப்பு

பலர் இதைப் பயிற்சியாகவே மதிப்பதில்லை. நான் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன். குட்டி ஒவ்வொரு முறை குழந்தையைத் துரத்திக் கவ்வும்போதும் அதைப் பயின்று தேறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சில நொடிகளை நடக்கவே விடாமல் செய்யும் ஒரே வழி இதுதான். மேலே பார்த்த மற்ற முறைகள் எல்லாம் கடி விழுந்த பிறகோ விழும் தறுவாயிலோ தொடங்குபவை.

வாசலில் பொருத்தும் குழந்தைத் தடுப்புக் கதவு, சுற்றி வைக்கும் மடக்கு வேலி, கூண்டு என்று மூன்று உண்டு. மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் தடுப்புக் கதவை வாங்குங்கள். குட்டி குழந்தையைப் பார்க்கும், கேட்கும், மோப்பம் பிடிக்கும், தொட முடியாது. ஒதுக்கி வைக்கப்பட்ட உணர்வும் வராது. கதவுக்கு வழியில்லாத திறந்த கூடம் என்றால் மடக்கு வேலி. கம்பி இடைவெளியில் குழந்தை விரலை விடும் என்பதால், அந்தப் பக்கம் ஒரு சோபாவையோ அலமாரியையோ நகர்த்தி வைப்பது நல்லது. கூண்டு தூங்குவதற்கு. குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டியது. குழந்தை இருக்கும் வீட்டில் அது கிடைப்பதே இல்லை. மாலையில் திடீரென்று பேய் பிடித்தாற்போல் ஓடி எல்லோரையும் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது கண்டிப்பல்ல, தூக்கம். கூண்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது. குழந்தை அதற்குள் நுழையவோ மேலே தட்டவோ கூடாது. நாய்க்கு வீட்டில் தனக்கே உரிய இடம் அது ஒன்றுதான்.

குட்டியைக் கட்டிப் போடுவதைத் தடுப்போடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். கட்டிய நாயால் விலகிப் போக முடியாது, குழந்தையால் நெருங்க முடியும். பயந்த நாய்க்கு மிஞ்சுவது வாய் ஒன்றுதான்.

தடுப்புக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அது எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. வெறும் தடுப்போடு ஓர் ஆண்டைக் கடத்தினால், ஓராண்டு முடிவில் குழந்தையோடு பழகத் தெரியாத பெரிய நாய் ஒன்று உங்களிடம் இருக்கும்.

வேறொன்றைச் செய்யச் சொல்லிக்கொடுப்பது

அந்தக் குறையை நிரப்புவது இது. ஒன்றைச் செய்யாதே என்பதைவிட இதைச் செய் என்பது குட்டிக்குச் சுலபமாகப் புரியும். குழந்தையைக் கண்டால் நான்கு கால்களும் தரையில், அல்லது உட்கார், அல்லது உன் பாயில் போய்ப் படு. இவற்றில் எது வந்தாலும் உடனே ஒரு துண்டுத் தீனி. இடம்தான் முக்கியம்: தீனி தரையில் விழ வேண்டும். கையிலிருந்து கொடுத்தால் குட்டி மேலே எம்பும். தரையில் போட்டால் தலை தானாகக் கீழே போகும். சில வாரங்களில் குழந்தை வரும்போதே குட்டி தரையைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியைச் சொல்லி மாளாது.

தொடக்கத்தில் குழந்தை வேண்டவே வேண்டாம். குழந்தை தூங்கும்போது நீங்களே குழந்தையாக நடியுங்கள். தவழுங்கள், தள்ளாடி நடங்கள், கையை வீசுங்கள், பொம்மை வண்டியை உருட்டுங்கள், மெல்லக் கீச்சிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் குட்டி அமைதியாக இருந்தால் தரையில் தீனி. இதைக் கடந்த குட்டிக்குத் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நிஜக் குழந்தை. அதற்குப் பிறகே கதவு திறந்த நிலையில், வார் உங்கள் கையில், நீங்கள் இருவருக்கும் நடுவில். ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு நேரத்தில் இரண்டு, மூன்று நிமிடம் போதும்.

உணவுத் தட்டு பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். சாப்பிடும் குட்டியின் தட்டில் கையை விட்டு அளைந்தால் பழகிவிடும் என்ற யோசனை இன்னும் பரவலாக இருக்கிறது. இது காவல் குணத்தை வளர்க்கும் யோசனை. குழந்தைகளைக் கடித்த 103 நாய்களின் விவரங்களை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கடிபட்டதற்கு முதன்மைக் காரணம் நாய் தன் பொருளைக் காத்தது. அவ்வயதினரில் 44 விழுக்காடு அவ்வகைக் கடிகள். அந்த நாய்களில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு முன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. எனவே, குட்டி தடுப்புக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடட்டும். நீங்கள் மட்டும் அவ்வப்போது அந்தப் பக்கம் நடந்து, தட்டிலிருப்பதைவிட ருசியான ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். குழந்தையின் பொம்மையைக் கவ்விக்கொண்டால் பிடுங்காதீர்கள். இன்னும் நல்ல பொருளைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்பா, வீட்டுக்கு வரும் பயிற்சியாளரா, அனுப்பி வைப்பதா?

மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் உலகத்துக்குத் திறந்திருக்கும் காலம். அப்போது நல்லவிதமாகப் பார்த்துப் பழகியவற்றைப் பிறகு எளிதில் அஞ்சாது. அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, ஏழெட்டு வாரத்திலேயே குட்டி வகுப்புகளைத் தொடங்கலாம். முதல் வகுப்புக்கு ஏழு நாளாவது முன்பு முதல் தவணைத் தடுப்பூசியும், முதல் குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். மற்றக் குட்டிகளோடு விளையாடி வாய் அழுத்தத்தைக் கற்பதற்கு நல்ல வகுப்பைப் போல வேறொன்று இல்லை. எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்ட குட்டி கையில் வந்துவிட்டது என்றால் வகுப்பு கட்டாயம் என்றே சொல்வேன்.

வீட்டுக்கு வரும் பயிற்சியாளரின் பலம், உங்கள் கூடத்தையும் உங்கள் குழந்தையையும் அவர் நேரில் பார்ப்பது. எந்தக் கதவை எங்கே வைப்பது என்று வகுப்பில் யாரும் சொல்ல முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் இவரையே சிபாரிசு செய்வேன்.

சில வாரங்கள் குட்டியை அனுப்பிவைத்துப் பழக்கி வாங்கும் ஏற்பாட்டை இந்த நோக்கத்துக்கு நான் ஏற்கவில்லை. அங்கே உங்கள் குழந்தை இல்லை. குட்டி அந்த மனிதரிடம், அந்த இடத்தில் அடங்கப் பழகித் திரும்பிவரும். அந்தச் சில நொடிகளை அது சந்திக்கவே இல்லை. எப்படிப் பழக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியவும் வழியில்லை. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: குட்டி சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வாரைச் சுண்டி இழுப்பது, மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை, தண்ணீர் பீய்ச்சுவது என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது

இது தனித்த தேர்வல்ல, எந்த வழியோடும் சேர வேண்டியது. ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. நாய் பல்லைக் காட்டிச் சீறும் முகத்தைச் சின்னக் குழந்தைகள் பலர் சிரிப்பதாக நினைக்கிறார்கள் என்பதை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று வயதுக்குக் கீழே விதிகள் சொல்வது வீண். அங்கே விதியைக் காக்க வேண்டியவர் நீங்கள். கையை விரித்து, முதுகில் மெல்ல, உங்கள் கைக்கு மேல் குழந்தையின் கை வைத்துத் தடவப் பழக்கலாம், அவ்வளவுதான்.

நான்கு வயதிலிருந்து ஒன்றிரண்டு விதிகள் நிற்கும். குட்டி துரத்தினால் மரம்போல நில், கையைக் கட்டிக்கொள், கீழே பார். இது ஓட்டத்தையும் கையசைவையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுவதால் அருமையாக வேலை செய்கிறது; நாயோடு சேர்த்துப் பயிலாமல், முதலில் உங்களைக் குட்டியாக வைத்து விளையாட்டாகப் பயில வேண்டும். அடுத்தது, மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடு. குட்டி தானாக நெருங்கி வந்தால் இன்னும் தடவலாம், அப்படியே நின்றாலோ முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று பொருள். கழுத்தைக் கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, தூங்கும்போது தொடுவது மூன்றும் கூடாது. படம் எடுப்பதற்காகக் குழந்தையின் மடியில் குட்டியைத் திணிக்கும் பெரியவர்கள் இதைக் குறிப்பாகப் படிக்க வேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒரே அறையில் இருப்பது கண்காணிப்பு ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்த வீட்டுக்கு எது?

தவழும் குழந்தை முதல் மூன்று வயது வரை: தடுப்புக் கதவு, வீட்டுக்குள் லேசான வார், தரையில் தீனி. இவற்றுக்குப் பிறகு கையில் நேரமிருந்தால் மற்றவை. நான்கு முதல் ஆறு வயது: இவற்றோடு மரம்போல நிற்கும் பழக்கமும் வகுப்பும். ஏழு வயதுக்கு மேல் குழந்தையே தீனி போட்டு உட்காரச் சொல்லலாம். பயிற்சியில் அதற்குப் பங்கு கொடுத்தால் இருவருக்கும் நல்லது. தடுப்பு வைக்க இடமும் இல்லை, கண்காணிக்க ஆளும் இல்லை என்றால், குட்டிக்குப் பதிலாகக் குழந்தைகளோடு வாழ்ந்து பழகிய, நிதானம் அறியப்பட்ட வளர்ந்த நாயை யோசியுங்கள், அல்லது இரண்டு, மூன்று ஆண்டு பொறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்தத் தேர்வுக்கும் கட்டுப்படாத நிலைகளும் உண்டு. விளையாட்டுக் கடியில் உடல் தளர்ந்திருக்கும், முன்கால் தாழ்ந்து பின்புறம் தூக்கியிருக்கும். அதற்கு மாறாகத் தட்டின் மேலோ பொம்மையின் மேலோ குட்டி விறைத்து நின்றால், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தால், குழந்தை வந்தாலே ஒளிந்தால், பயிற்சிக் குறிப்புகளை மூடிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதுவலியோ வயிற்றுவலியோகூடக் காரணமாக இருக்கலாம். விளையாட்டிலேயே ஆனாலும் பல் பட்டுக் குழந்தையின் தோல் கிழிந்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி போடும் வயது வராத குட்டி என்றால் இதில் தாமதமே கூடாது. நாயின் உருண்டைப் புழு குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியது. குடற்புழு மருந்தைத் தவணை தவறாமல் கொடுப்பதும், குட்டியோடு விளையாடிய கையைக் கழுவுவதும் பயிற்சிக்கு இணையான அக்கறைகள்.

கதவை எப்போது கழற்றலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். பற்கள் மாறி முடிந்து, கவ்வுவது நின்றதும் ஏழாவது மாதத்தில் கழற்றிவிடும் ஆசை வரும். பொறுங்கள். 2020இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னதும் உட்கார்ந்த நாய்கள் எட்டு மாதத்தில் வளர்த்தவர் சொல்லைக் கேட்கத் தயங்கின. பழக்கமில்லாதவர் சொன்னால் கேட்டன. விடலைப் பருவம் நாய்க்கும் உண்டு. அந்தப் பருவம் கடந்து, குழந்தை ஓடும்போதும் விழும்போதும் நாய் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பல வாரங்கள் தொடர்ந்து பார்த்த பிறகு, பகலில் நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் கதவைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கும் நீங்கள் குளிக்கப் போகும் நேரத்துக்கும் அது மூடியே இருக்கட்டும், குழந்தை பள்ளிக்குப் போகும் வயது வரும்வரை.